கல்யாணப் படத்துக்குப் பின்னால் ஒரு பல்லி

இனிமேல் என் நேரம் என் கையில்தான் இருக்கும் என்று ஒருநாள் சபதம் எடுத்தேன். எடுத்த இடம் மிளகு பறிக்கக் கொடியில் சாத்தியிருந்த ஏணி. அதனால்தானோ என்னவோ ஆரம்பத்திலேயே கொஞ்சம் ஆடியது.

என் பெயர் அர்த்தனாரி. பெயர் வைக்கும்போதே என்னில் பாதியை வரப்போகிறவளுக்கு எழுதி வைத்துவிட்டார்கள். மீதிப் பாதியை என் மனைவி பாவாயி தாலி கட்டிய அன்றே எடுத்துக்கொண்டாள். நான் எப்போது எழ வேண்டும், எப்போது டீ குடிக்க வேண்டும், செம்மேட்டுக்கு எந்த பஸ்ஸில் போய் எந்த பஸ்ஸில் திரும்ப வேண்டும் எல்லாம் அவள் வாக்கு. கொல்லிமலையில் எங்கள் தேவனூர் நாடு முழுக்க இது தெரியும். பஸ் டிரைவர்கூட என்னைக் கேட்கமாட்டார், அவளைக் கேட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

இந்த நிலையில்தான் ஜுபைர் தம்பி குறுக்கே வந்தார். அடிவாரத்துக்காரர். செம்மேட்டுச் சந்தைக்கு மேலே வந்து கடிகாரக் கடை போடுகிறவர். போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"பாருங்கண்ணே, அந்தக் காலத்துல கடலுக்குள்ள முங்கறவங்களுக்குன்னு செஞ்ச வாச்சு. இப்ப அதே அச்சுல மறுபடியும் விட்டிருக்காங்க. பேட்டரி கெடையாது, சாவிதான். தண்ணிக்குள்ளயே அலாரம் அடிக்கும்."

"தண்ணிக்குள்ள எதுக்குத் தம்பி அலாரம்?"

"காத்து தீரப்போவுது, மேல வாங்கன்னு கூப்புடறதுக்குண்ணே."

நான் இருப்பதே மலைக்கு மேலே. இன்னும் மேலே வா என்றால் மேகத்துக்குத்தான் போக வேண்டும். கடலும் எங்களுக்குக் கிடையாது. ஆகாய கங்கை அருவியில் போய் முங்கினால் அலாரம் அடிக்க வேண்டியதில்லை, பாறையே அடித்துவிடும். ஆனாலும் அந்தக் கறுப்பு முகத்தையும் பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த இரண்டு திருகுகளையும் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. சொல்லி வரவழைத்து வாங்கிவிட்டேன்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அதற்கு முந்தைய வாரம்தான் பாவாயி வாஷிங் மெஷின் கேட்டிருந்தாள். மலைக் குளிரில் துணி துவைத்துக் கை விறைக்கிறது என்றாள். "இந்த வருசம் மெளகு காய்ப்பே இல்ல அம்மிணி" என்று சொல்லிவிட்டேன். வாசல் நிறைய மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

கடிகாரத்தை எங்கே ஒளிப்பது? அரிசி டிரம் அவள் ராஜ்யம். பரண் அவள் ராஜ்யம். என் சட்டைப் பைகூட அவள் ராஜ்யம்தான். யோசித்து யோசித்து, கூடத்துச் சுவரில் சாய்வாக மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்துக்குப் பின்னால் தொங்கவிட்டேன். கல்யாணம் ஆன பிறகு அந்தப் படத்தை இரண்டு பேருமே திரும்பிப் பார்த்ததில்லை. அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகும்போது எடுத்துக் கட்டி அழகு பார்ப்பேன். கீழ்த் திருகில் சாவி கொடுப்பேன். மேல் திருகு எதற்கென்று தெரியாது. உடைந்துவிடப் போகிறதே என்று அதைத் தொட்டதே இல்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாவாயி எதிரில் உட்கார்ந்து துணி மூட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"ஏனுங்க, எனக்கு இனி முடியாதுங்க. நாளையிலிருந்து இந்த ஊட்டுல துணி தொவைக்கறது உங்க பாடுதான்."

கிர்ர்ர்ர்ர்ர்!

படம் சுவரோடு சேர்ந்து நடுங்கியது. படத்தில் மாலையோடு நின்ற மாப்பிள்ளையும் நடுங்கினான்.

"என்னங்க சத்தம்?"

"ப... பல்லி."

"பல்லி இப்பிடியா கத்தும்?"

"மலைப் பல்லி அம்மிணி. குளுருக்குத் தொண்டை கட்டியிருக்கும்."

பாவாயி ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அப்ப நா சொன்னது சத்தியம். பல்லியே சொல்லிருச்சு."

எங்கள் பக்கத்தில் பேச்சின் நடுவே பல்லி சொன்னால் அது சொன்னதுதான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. போன தையில் அவள் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போகாமலிருக்க நானே பல்லியைத்தான் சாட்சிக்கு இழுத்தேன். இப்போது பல்லி எனக்கு எதிராகச் சாட்சி சொன்னால் எப்படி மறுப்பது? மறுநாள் துவைகல் முன்னால் நின்றேன்.

கொல்லிமலைக் குளிர்த் தண்ணீரில் கம்பளி துவைத்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நனைந்த கம்பளி ஒரு எருமை. நான் அதை அடித்தேனா, அது என்னை அடித்ததா என்று பார்த்தவர்களுக்கே தெரியவில்லை. பலாப்பால் ஒட்டிய வேட்டியைத் தேய்த்துத் தேய்த்து என் கைரேகை அழிந்தது. கறை அப்படியே இருந்தது.

அதோடு பல்லி நிற்கவில்லை. பாவாயி எதையாவது பேச ஆரம்பிப்பாள். இழுத்து இழுத்துப் பேசுவாள். நடுநடுவே சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். சீரியலுக்கு நேரம் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"மாவாட்டறதுங்கூட... அதுவும் பாருங்க... யோசிச்சா... ஆம்பளைங்க ஆட்டினாத்தான் மாவு நல்லாப் பொங்குமுங்க."

கிர்ர்ர்ர்ர்!

"பாத்தீங்களா!"

ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அலாரம் வைத்த கடிகாரம், அதுபாட்டுக்கு அடிக்கிறது என்று நம்பினேன். சத்தத்தை அடக்க ஒருநாள் பஞ்சில் சுற்றி மாட்டினேன். அன்றைக்கு கொர்ர்ர் என்று கம்மலாக வந்தது.

"ஐயோ பாவம், பல்லிக்குச் சளி புடிச்சிருச்சாட்ட இருக்குதுங்க. பச்சைத் தண்ணியில நின்னு ஆரு தொவைச்சாலும் அப்பிடித்தான்" என்றாள். எனக்குத்தான் உண்மையில் சளி பிடித்திருந்தது.

சந்தையன்று ஜுபைரைத் தேடிப் போய் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்ன வாச்சு தம்பி குடுத்தீங்க? நெனைச்ச நேரத்துக்குத் தானா அடிக்குது. என் பொழப்பே நாறுது."

"தானாவா? இருக்காதேண்ணே. அலாரத்துக்குன்னு மேல் திருகுல தனியாச் சாவி குடுக்கணும். ஒரு தடவை அடிச்சா தீந்துபோகும். மறுபடி கையால முறுக்கினாத்தான் வாயத் திறக்கும்."

"நா மேல் திருகத் தொட்டதே இல்லியே!"

"அப்ப வேற ஆரோ தொடறாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஜுபைர் அவசர அவசரமாகக் கடையிலுள்ள கடிகாரங்களைத் துடைக்க ஆரம்பித்தார். அவற்றில் தூசியே இல்லை.

முதல் நாளிலிருந்து எல்லாம் பாவாயி வேலைதான்! இன்றைக்கே கேட்டுவிடுகிறேன் என்று வீறாப்பாக பஸ் ஏறினேன். முதல் திருப்பத்திலேயே வீறாப்பு இறங்கிவிட்டது. என்னவென்று கேட்பது? "பல்லிக்கு நீதானே சாவி கொடுத்தாய்?" என்றால், "பல்லிக்குச் சாவி ஏதுங்க?" என்பாள். கடிகாரம் என்று வாயைத் திறந்தால் வாங்கிய கதை வரும். அதைத் தொட்டால் மிளகு காய்க்காத கதை வரும். திருடனைப் பிடிக்க நான் முதலில் போலீஸில் சரணடைய வேண்டும்.

எனக்கும் மூளை உண்டு. பஸ்ஸிலேயே வேலை செய்தது. துணி துவைக்கவே ஆள் வேண்டாம் என்று ஆகிவிட்டால் பல்லிக்கு ஏது வேலை? விலை ஏறட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த மிளகு மூட்டையைக் கீழே அனுப்பினேன். வாஷிங் மெஷின் மலையேறி வந்தது.

"திடீர்னு எப்பிடீங்க?" என்று பாவாயி கன்னத்தில் கை வைத்தாள்.

"உன் கை விறைக்குதுன்னியே, மனசு கேக்கல" என்றேன். பாதி உண்மைதான். விறைத்தது என் கை. அவள் இத்தனை வருடம் எப்படித்தான் தாங்கினாள் என்று துவைகல் முன்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. கடிகார ரகசியமும் தப்பியது, மானமும் தப்பியது.

மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் அதன் பக்கத்தில் நின்றாள். இதுதான் சமயம் என்று கூடத்துக்குப் போய்ப் படத்துக்குப் பின்னால் கை விட்டேன். ஆணி இருந்தது. பல்லியைக் காணோம்.

கிர்ர்ர்ர்ர்ர்!

சத்தம் மெஷினுக்குள்ளிருந்து வந்தது. ஓடினேன். கண்ணாடி மூடிக்குள் என் வேட்டியும் நுரையுமாகச் சுழல, நடுவே என் கறுப்புக் கடிகாரம் ஒருமுறை மேலே வந்து என்னைப் பார்த்துவிட்டு முங்கியது.

"பாவாயி! அது... அது..."

"பதறாதீங்க. எவ்வளவு ஆழத்துல போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு ஜுபைர் தம்பி சொல்லித்தானுங்க போட்டேன். கடலுக்குன்னு செஞ்சது, பாவம், நம்ம ஊட்டுக்கு வந்து சுவத்துலயே தொங்கிட்டிருந்துச்சு."

"ஜுபைர் எப்பச் சொன்னாரு?"

"நீங்க வாங்கின அன்னிக்கேதான். சாவி குடுக்கவும் அவருதானுங்க சொல்லிக் குடுத்தாரு."

மெஷினை நிறுத்திக் கடிகாரத்தை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். என் கையைப் பிடித்து இழுத்து அவளே கட்டிவிட்டாள். அப்புறம் அந்த மேல் திருகைக் கிர்க் கிர்க் என்று முறுக்கினாள்.

"துணியை எடுத்துட்டுப் போயிக் கொடியில காயப்போடுங்க சாமி. பல்லி கத்தறதுக்குள்ள வந்துரணும்."

சபதம் பலித்துவிட்டது. இப்போது என் நேரம் என் கையில்தான் இருக்கிறது. சாவி கொடுப்பது மட்டும் பாவாயி.