அமீர் சாயபுவின் தூண்டில் சக்கரம்

செங்கல்பட்டு, பஜார்த் தெரு,
ஜூலை 1954

பினாங்கில் ஜவுளி வியாபாரம் செய்துவரும் மரியாதைக்குரிய மச்சான் நூர்முகமது அவர்களின் சமுகத்துக்கு, செங்கல்பட்டு பூட்டுக்கடை ஜெயினுலாபுதீன் அநேக சலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இவ்விடம் நானும், தங்கள் தங்கை சம்சாத் பேகமும், பிள்ளைகளும் சுகம். கடையில் உள்ள பூட்டுகளும் சுகம். ஒன்றும் விற்காததால் ஒன்றுக்கும் சேதமில்லை. அவ்விடம் தாங்களும் குடும்பத்தாரும் நலமாய் இருக்க வேண்டி ஐந்து வேளையும் துஆ செய்கிறோம்.

முதலில் தங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். தங்கள் தகப்பனார், என் மாமனார், அமீர் சாயபு மவுத்தான பிறகு, அவருடைய டிரங்குப் பெட்டியில் பழைய தலைப்பாகைத் துணியில் சுற்றிவைத்திருந்த பித்தளைச் சக்கரத்தை, "எனக்கு வேண்டாம், தங்கச்சிக்கே கொடுங்கள்" என்று தாங்கள் பெரிய மனசோடு எழுதினீர்கள். வட்டமாய், உள்ளங்கை அகலத்தில், பக்கத்தில் ஒரு சின்னப் பிடியோடு, சுற்றினால் 'கிர்ர்ர்' என்று சத்தம் போடும் அந்தச் சாமான் என்னவென்று எனக்கும் தெரியவில்லை, சம்சாத்துக்கும் தெரியவில்லை. அத்தா ஞாபகமாக இருக்கட்டும் என்று அவள் அலமாரியில் வைத்தாள். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்த தங்கள் சின்னம்மா, சைதூன் சாச்சி, பிரியாணி எல்லாம் ஆன பிறகு, அலமாரியைத் திறந்து பார்த்து, அத்தனை பொம்பளைகள் மத்தியில், "இது இன்னாது? எங்க மச்சான் கால்வாய் இன்ஜினீர் துரை வூட்ல சமையலுக்கு இருந்தாரே, அங்கேர்ந்து சுருட்டிகினு வந்துகீறாரு போல" என்று ஒரே போடாய்ப் போட்டுவிட்டார். சம்சாத் விடவில்லை, "இன்னா சாட்சி?" என்றாள். பள்ளிக்கூடம் பாஸ் பண்ணின தம் மருமகனை சாச்சி கூப்பிட்டார். அவன் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து, "ஏ, எஸ்ஸுன்னு இங்கிலீசுல வெட்டிகீது" என்றான். உடனே சாச்சி, "துரை பேரு ஆண்டர்சன். அதுல ஏ வருதா, எஸ்ஸும் வருதா? அப்பால இன்னா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு எங்கள் யாருக்கும் இங்கிலீஷ் இல்லை.

அன்றிலிருந்து சம்சாத் சரியாகச் சாப்பிடவில்லை, மச்சான். "எங்க அத்தா ஒரு துரும்பு தொட மாட்டாரு" என்று அழுவாள், கொஞ்ச நேரத்தில் "துரும்பு தொட மாட்டாரு, இது துரும்பு இல்லியே" என்று அவளே சந்தேகப்பட்டு இன்னும் அழுவாள். இதைத் தங்களுக்கு எழுதினபோது, "நான் சொன்னால் மகன் பேச்சு என்பார்கள். நீங்கள் மருமகன், நீங்கள் விசாரித்தால் ஊர் நம்பும், என் அத்தா மானத்தை உங்களிடம் ஒப்படைக்கிறேன்" என்று பதில் போட்டீர்கள் பாருங்கள், அந்தக் கடிதத்தைக் கடைக் கல்லாவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இந்தக் குடும்பத்தில் கல்யாணமாகி வந்த நாள் முதல் என்னிடம் யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. பெருநாளைக்கு ஆட்டுத் தோலைக்கூட வேறு ஆளிடம்தான் கொடுப்பார்கள்.

சரி, முதலில் அது இன்னா சாமான்னு தெரியணுமே. தையல்காரர் தையல் மிஷின் உறுப்பு என்றார். போட்டோ ஸ்டுடியோக்காரர் சினிமா சுற்றுகிற சக்கரம் என்று சொல்லி, உள்ளே படம் தெரிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கூடுவாஞ்சேரியில் நமக்குத் தெரிந்த ராஜேந்திரன் சர்வே ஆபீசில் இருக்கிறாரே என்று ரயிலேறிப் போனேன். அவர் பார்த்த உடனே, "பாய், இது பழைய காலத்து நிலம் அளக்கிற டேப்பு, நாடா மட்டும் போய்டுச்சு" என்று அடித்துச் சொன்னார். சொன்னதோடு நின்றாரா? நூலைக் கட்டி, எனக்கு அளந்து காட்டுகிறேன் என்று அவர் வீட்டு வேலியிலிருந்து பக்கத்து வீட்டு வேலி வரைக்கும் கிர்ர்ர்ருன்னு இழுத்துகினே போயிட்டாரு. பக்கத்து வூட்டு அம்மா சந்திரம்மா, அவங்களுக்கும் இவருக்கும் ஏற்கெனவே வேலித் தகராறு கீதாம், துடைப்பத்தோட வந்துட்டாங்க. "ஆளு கூட்டியாந்து அளக்கிறியா?"ன்னு என்னைத்தான் கேட்டாங்க. நான் பூட்டு விக்கிறவம்மான்னு சொன்னேன். "அப்ப என் வூட்டப் பூட்டவா வந்தே?"ன்னாங்க. நான் ரயிலுக்கு ஓடிவந்த ஓட்டத்துல ஒரு செருப்பு கூடுவாஞ்சேரிலயே தங்கிடுச்சு.

வூட்டுக்கு வந்தா சம்சாத் மயக்கம் போட்டு விழுந்துகீறா. ரயில்வே காலனியில் இருக்கும் நர்சம்மா ரெபேக்காளை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அந்தப் புண்ணியவதி நாடி பார்த்து, சர்க்கரைத் தண்ணி கொடுத்து, "ஏம்மா சாப்பிடல?" என்று கேட்டார். சம்சாத் தலைமாட்டில் இருந்த சக்கரத்தைக் கை காட்டினாள். நர்சம்மா அதை எடுத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இதுக்கா? இது மீன் பிடிக்கிற ரீல். தூண்டில் கழியில மாட்டி நூல் சுத்துறது. நான் முன்ன வேலை செஞ்ச வூட்டு டாக்டர் துரையும் ஒண்ணு வச்சிருந்தார். அந்தக் காலத்துல துரைங்க எல்லாம் மகாபலிபுரத்துக்குத்தான் தூண்டில் போடப் போவாங்க, அங்க போய்க் கேளுங்க" என்றார். மச்சான், அந்த அம்மா போன பிறகு நான் வாசலில் நின்று அவர் போன திக்குக்கே ஒரு சலாம் போட்டேன்.

மறுநாளே பஸ் ஏறினேன். மகாபலிபுரத்தில் கடலோரம் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த முனியம்மா என்ற அம்மாவிடம் ரீலைக் காட்டி, "கால்வாய் துரைகிட்ட சமையலுக்கு இருந்த அமீர் சாயபு..." என்றுதான் ஆரம்பித்தேன். அந்தம்மா கருவாட்டுக் கூடையை அப்படியே கீழே போட்டுவிட்டு, "அமீரு பாயா? நீ அவருக்கு இன்னா ஒறவு?" என்று கையைப் பிடித்துக்கொண்டது. மருமவன்னேன், மாமா மவுத்தானதையும் சொன்னேன். "கறி இருக்குதோ இல்லியோ, ரசம் வைப்பாரே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. அப்பால சொல்லிச்சு பாருங்க ஒரு கதை, தங்களுக்கு அப்படியே எழுதுறேன்.

"அந்தத் துரை நல்ல மனுசன், ஆனா மீன் பிடிக்கத் தெரியாது. தூண்டில மணல்ல நட்டுட்டு, நாற்காலில சாஞ்சி, தொப்பிய மூஞ்சி மேல கவுத்துகினு தூங்கிடுவாரு. மீனு மாட்டலன்னா சோறு துன்ன மாட்டாரு. ஆக்கி வச்சவருக்கு அது பொறுக்குமா? உங்க மாமனாரு எங்கிட்ட மீனு வாங்குவாரு. எங்க வூட்டுக்காரரு கட்டுமரத்துல போய் தூண்டில் நூலப் பிடிச்சி, அந்த மீன முள்ளுல மாட்டி, ஒரு இழு இழுப்பாரு. இது கிர்ருன்னு கத்தும். துரை எழுந்து குதிப்பாரு. அன்னிக்கு ரெண்டு தட்டு சோறு துன்னுவாரு."

"துரைக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாமத்தான் இருந்துச்சு. ஒரு தபா எங்க வூட்டுக்காரருக்கு ஜுரம். அமீரு பாயே முழங்கால் தண்ணில எறங்கிட்டாரு. அவசரத்துல இன்னா பண்ணிட்டாரு, ராத்திரி வறுக்கறதுக்கு செதில் சீவி, கொடல எடுத்து, மசாலா தடவி வச்ச மீன மாட்டிட்டாரு. துரை சுத்தறாரு சுத்தறாரு, மீனு வருது, பாதி மசாலா ஒட்டிகினு! துரை மீனப் பாத்தாரு. பாயப் பாத்தாரு. நான் ஓடிடலாமான்னு பாக்கறேன். துரை அமைதியா, 'அமீர், உப்பு சரியா இருக்குதா?'ன்னு கேட்டாரு."

மச்சான், நான் அந்த மணலிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால் கன்னம் நனைந்திருந்தது. அதற்கப்புறமும் துரை தெரிந்ததாய்க் காட்டிக்கொள்ளவில்லையாம், மாமாவும் நிறுத்தவில்லையாம். துரை சீமைக்குப் போகும்போது இந்த ரீலில் பேர் வெட்டி அவர் கையிலேயே கொடுத்தாராம். "யார் பேரு?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "அமீரு பாய் பேருதான். எங்கிட்ட கொண்டாந்து காட்டினாரே. ஆனா இந்தக் கதைய யாருகிட்டயும் சொல்லாத முனியம்மா, துரை மானம் போய்டும்னாரு. பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட கூடவான்னேன். அவங்ககிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாதுன்னாரு."

பஸ் இறங்கி நேரே ரெபேக்காள் அம்மா வீட்டுக்குப் போய், அமீர் சாயபு என்பதை இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். முதல் எழுத்து ஏ. அடுத்த பேருக்கு எஸ். அந்த எழுத்துகளையும் ரீலையும் கொண்டுபோய் சைதூன் சாச்சி முன்னால் வைத்து முழுக் கதையும் சொன்னேன். சாச்சி ரீலைக் கையில் எடுத்து ஒரு சுற்று சுற்றினார். பிறகு, "குடுத்துருப்பாருன்னுதானே அன்னிக்கே நான் சொன்னேன்" என்றார். ஆனால் அன்றைக்கே சேமியாப் பாயசம் காய்ச்சிக்கொண்டு வந்து, சம்சாத்துக்குத் தம் கையால் ஊட்டிவிட்டு, "எங்க மச்சான பேசிட்டேனேடி" என்று கட்டிக்கொண்டு அழுதார். ஆகவே அவருக்கும் நன்றிதான். சம்சாத் இப்போது சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், பாத்திரம் கழுவும்போது "உப்பு சரியா இருக்குதா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.

இத்தனைக்கும் காரணம் தாங்கள் என்னை நம்பி எழுதின அந்த ஒரு வரி. ஆகையால் நாங்கள் இருவரும் கலந்து பேசி, இந்த ரீல் மகனாகிய தங்களிடம் இருப்பதுதான் நியாயம் என்று முடிவு செய்துவிட்டோம். துணி சுற்றித் தைத்து, அரக்கு வைத்து, பார்சல் தயாராக இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த சில நாளில் ரீலும் தங்கள் கைக்கு வந்து சேரும். சம்சாத்துக்கு இதில் பூரண சம்மதம். மீன் பிடிப்பதில் எங்கள் யாருக்கும் துளி ஆசையும் கிடையாது.

தங்கள் வீட்டில் மச்சி அவர்களுக்கு எங்கள் சலாம். பிள்ளைகளின் நெற்றியில் எங்கள் சார்பாக ஒரு முத்தம். தங்கள் கடையில் பரக்கத்தும், தங்கள் மனசில் நிம்மதியும் அல்லாஹ் நிறைத்து வைப்பானாக.

தங்கள் அன்புக்கும் நம்பிக்கைக்கும் என்றும் கடமைப்பட்ட,
ஜெயினுலாபுதீன்

பின்குறிப்பு: பார்சலைத் தபாலாபீசுக்கு எடுத்துப் போக வந்து பார்த்தால், தையல் பிரிந்து வெறும் துணிதான் கிடக்கிறது. சம்சாத்தும் இல்லை. சைதூன் சாச்சியும், ரெபேக்காள் அம்மாவும், தங்கள் தங்கையும் மூன்று பேருமாய் மூங்கில் கழியோடு பஸ் ஏறி மகாபலிபுரம் போயிருக்கிறார்களாம். பொழுது சாயச் சம்சாத் திரும்பி வந்தாள். புடவை முழங்கால் வரை நனைஞ்சிகீது, கையில ஒரு சின்னக் கெளுத்தி, வாலை ஆட்டிகினு கீது. "யாரும் மாட்டி வுடல, நானே பிடிச்சேன்"னு மூணு தெருவுக்குக் கேக்கிற மாதிரி சொன்னா. பார்சலைப் பத்திக் கேட்டேன். "அண்ணன் ஊருக்கு வந்து எத்தினி காலம் ஆச்சு? வேணும்னா வந்து எடுத்துக்கட்டும்"ங்கிறா. ஆகையால் மேலே எழுதினதில் பார்சல், சம்மதம், துளி ஆசை எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளவும். கப்பல் ஏறும் தேதியைத் தந்தியில் தெரிவியுங்கள், மச்சான். இன்னிக்குக் குழம்பு பிரமாதம்.