வால்சோர்தா வளைவில் நான் நிற்காமல் போனது

அன்புள்ள அக்கா தெல்ஃபீனாவுக்கு, தம்பி எர்மெத்தே பணிவோடு எழுதுவது. நான் நலம். என் இடது முழங்கால் நலமில்லை, அது உனக்குத் தனியாகக் கடிதம் போட்டுக்கொள்ளும். அத்தானின் முதுகுவலியும் உன் கோழிகளும் எப்படி?

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிறு நம்மூர் சைக்கிள் சங்கத்தார் உன் வீட்டு வாசலில், வால்சோர்தா வளைவில், நினைவுக்கல் நடப்போகிறார்களாம். ‘1979 இத்தாலிச் சுற்றுப் பந்தயத்தில் எர்மெத்தே ஸான்கின் இவ்வழியே தன்னந்தனியாக முன்னணியில் சென்றார்’ என்று பளிங்கில் வெட்டியும் ஆகிவிட்டதாம். உன் காலில் விழுகிறேன், அக்கா, அதைத் தடுத்துவிடு. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை, அதுதான் என் கஷ்டம்.

பதினோரு வருடம் பந்தய சைக்கிள் ஓட்டிச் சம்பளம் வாங்கியவன் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. அணித் தலைவர் பசெத்தோவுக்குத் தண்ணீர் சுமப்பதும், எதிர்க்காற்றில் அவருக்கு முன்னால் போவதும், அவர் சக்கரம் பஞ்சரானால் என்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மழையில் நிற்பதும்தான் என் வேலை. அந்தப் பந்தயத்தில் அன்றைய பாதை நம்மூர் வழியாக. அப்படி வந்தால், சொந்த ஊர்க்காரனைப் பந்தயக்காரர்கள் கூட்டமே முன்னால் அனுப்பிவைப்பது வழக்கம். அவன் வீட்டாரைக் கட்டிக்கொண்டு, ஒரு வாய் குடித்துவிட்டு, பின்னால் வருகிறவர்களோடு சேர்ந்துகொள்வான். அதுவரை யாரும் துரத்த மாட்டார்கள், அவனும் ஓடிப்போக மாட்டான். பசெத்தோவே என் முதுகில் தட்டி, “போடா எர்மெத்தே, ஒங்கப்பாவுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு வா. அவசரமில்ல, நாங்க மெதுவாத்தான் வருவோம்” என்றார்.

போனேன். திரும்பிப் பார்த்தேன், ஒருவருமில்லை. முன்னாலும் ஒருவருமில்லை. பதினோரு வருடம் அடுத்தவன் பின்புறத்தையே பார்த்து ஓட்டியவனுக்கு அப்படியொரு காலிச் சாலையைக் காட்டலாமா? புத்தி கெட்டுப்போனது. வளைவில் அப்பா கல்யாணக் கோட்டோடு சமையலறை நாற்காலியிலிருந்து எழுந்து ஒயின் கிளாசை நீட்டினார். பக்கத்தில் நீ கேக் தட்டோடு நின்றாய். சாலையோரம் யார் எதை நீட்டினாலும் பிடுங்கிக் குடித்துவிட்டு வீசுவது எங்கள் தொழில் பழக்கம். பிடுங்கினேன், குடித்தேன், வீசினேன். அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த ஆறு கிளாசில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். “டேய், நில்லுடா! காலைலேர்ந்து அப்பா ஒக்காந்திருக்காருடா!” என்று நீ கத்தியது நன்றாகவே கேட்டது. கேட்காதவன் போல பெடல்மேல் எழுந்து நின்று மிதித்தேன்.

முடிவுக்கோட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போது பிடித்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. பசெத்தோ மட்டும் பக்கத்தில் வந்து, “அப்பா சௌக்கியமாடா?” என்று கேட்டார். எண்பத்து மூன்றாவதாக வந்து சேர்ந்தேன். அடுத்த வருடம் எந்த அணியும் என்னைக் கூப்பிடவில்லை, அது கிடக்கட்டும். அப்பா அந்த நவம்பரிலேயே போய்விட்டார். “எம்பையனுக்கு நிக்க ஏதுப்பா நேரம், அவந்தான முன்னாடி போனான்” என்று காபிக்கடையில் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராமே. அதற்கு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். கட்டிக்கொள்ள ஐந்து வினாடி ஆகியிருக்குமா? அதை நினைத்தால் இன்றைக்கும் அழுகை வருகிறது, அக்கா.

ஆகவே கல் வேண்டாம். விழாவுக்கு நான் வரப்போவதில்லை. சைக்கிளையும் விற்றுவிடுகிறேன், இது சத்தியம். அத்தானுக்கு என் வணக்கம். தேவமாதா உன் வீட்டையும் கோழிகளையும் குறைவில்லாமல் காக்கட்டும்.

உன் தம்பி,
எர்மெத்தே

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். பசெத்தோ போன் பண்ணினார். பழைய ஆட்கள் பன்னிரண்டு பேர் ஞாயிறு சைக்கிளிலேயே வருகிறார்களாம், வளைவுக்கு முன்னால் என்னை மறுபடியும் முன்னே அனுப்புவார்களாம். வருகிறேன். கல்லும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு ஓட்டிப் பார்த்தேன், முழங்கால் வலிக்கவே இல்லை, எனக்கே பயமாக இருக்கிறது. அதனால் அப்பாவின் நாற்காலியை இந்தத் தடவை ஓரமாகப் போடாதே. சாலைக்கு நட்டநடுவில் போட்டு, நீ அதில் உட்கார்ந்துகொள்.