நேர்காணலுக்கு வராதது என் மகளின் குற்றமல்ல

பஃபலோ, நியூயார்க்
1987 பிப்ரவரி, சனிக்கிழமை

தொழிலாளர் உறவு, மனிதவளம் படிக்கும் மாணவர்களுக்கான உதவித்தொகைக் குழுவின் தலைவி, பெருமதிப்பிற்குரிய திருமதி ப்ரெனன் அவர்களுக்கு,

கார்ச் சக்கரங்களுக்கு அச்சு செய்யும் ஆலையில் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருக்கும் கசிமிர் ஒர்லோவ்ஸ்கி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி வாண்டாவும் மகள் ஹலினாவும் மூக்கடைப்பைத் தவிர மற்றபடி சௌக்கியம். தாங்களும் தங்கள் குழுவினரும் வாசல் பனியை வாரிக் கொட்டியும் இடுப்புப் பிடிக்காமல் நலமாக இருக்க வேண்டுமென்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. வியாழக்கிழமை காலை ஓட்டல் மூன்றாம் மாடியில் தாங்கள் நடத்திய நேர்காணலுக்கு ஹலினா வரவில்லை. பொறுப்பில்லாத பெண் என்று தாங்கள் அவள் பெயரை அடித்திருக்கவும் கூடும். அந்தக் குற்றம் அவளுடையதல்ல, முழுக்க முழுக்க என்னுடையது என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்புக்கென்றே பிறந்தவள். ஆலையில் இருப்பதுபோல எங்கள் வீட்டிலும் புகாருக்குப் படிகள் உண்டு. முதல் படி நான், இரண்டாம் படி வாண்டா, அதற்கும் மேலே போனால் பங்குச் சாமியார். ஏழு வயதில் படுக்கப் போகும் நேரத்தை எதிர்த்து மனுக் கொடுத்து இரண்டாம் படியிலேயே ஜெயித்தவள் ஹலினா. பல்கலைக்கழகத்தில் மனிதவளமும் சேர்த்துப் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் முகத்தைச் சுளித்தது உண்மை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த அறைக்குப் பணியாளர் பிரிவு என்று பெயர். இப்போது நாங்கள் வளமாம். நிலக்கரி, இரும்புத்தாது, அப்புறம் கசிமிர். "நீ மேசைக்கு எந்தப் பக்கம்டி உக்காருவே?" என்று கேட்டேன். "முதல்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நாற்காலி போடச் சொல்லுவேன்பா" என்றாள். ஆலையில் பேச்சுவார்த்தைக்குப் போனால் எங்கள் பக்கம் மட்டும் மடக்கு நாற்காலி என்று எப்போதோ அவளிடம் புலம்பியிருக்கிறேன். மறுநாளே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஹலினா அத்தை மகளின் நீலக் கோட்டும் குதிகால் செருப்புமாகக் காரில் ஏறினாள். வாண்டா தங்களுக்கென்று கசகசா ரொட்டி சுட்டு என் மடியில் வைத்தாள். ஓட்டலுக்கு முன்னால் போய் நிறுத்தினால், வாசலில் மறியல்! அறை துப்புரவு செய்யும் பெண்களும் சமையல்காரர்களும் அட்டையைத் தூக்கிக்கொண்டு வட்டமாக நடக்கிறார்கள். அன்று காலைதான் வேலைநிறுத்தம் தொடங்கியதாம். தாங்களெல்லாம் அதற்கு முன்பே உள்ளே போயிருப்பீர்கள், தங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல்கூட இருந்துவிடும், மறியலைத் தாண்டாது. எங்கள் கல்யாண விருந்தே, மண்டபத்துச் சமையல்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால், கோயில் நிலவறையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் நடந்தது. வாண்டா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். காரில் நடந்த பேச்சைத் தாங்கள் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, சமையலறைப் பக்கம் ஒரு கதவு இருக்கும். யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள் ஹலினா.

"நீ பாத்துட்டு இருப்பியே, கண்ணு" என்றேன் நான்.

"ஒரே ஒரு நாள்தானே அப்பா. கண்ணை மூடிக்கிட்டுப் போயிட்டு வந்துட்டா முடிஞ்சுது. ஜூன்ல ஆலையை மூடறாங்க. இந்தத் தொகை வரலேன்னா படிப்பு அம்போதான்."

"உள்ளே போய் தொழிலாளர் உறவைப் பத்தி என்னத்தைப் பேசறது, கண்ணு? வாசல்ல குளிர்ல நிக்கறவங்களைத் தாண்டி வந்தோம்னா?"

(ஆலை மூடுவதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். பேச்சில் வந்தது என்பதால் எழுதினேன்.)

அதற்குப் பிறகு அவள் அழுதாள். வீட்டு நாய் செத்தபோதுகூட அழாதவள். நான் கல்நெஞ்சக்காரன், திருமதி ப்ரெனன் அவர்களே. காரைவிட்டு இறங்கி, அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மறியலில் சேர்த்துவிட்டேன்.

அங்கே மிலாக்ரோஸ் என்று ஒரு அம்மாள், அறை துப்புரவு செய்பவர். ஹலினாவின் காலைப் பார்த்ததும் அட்டையைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, இந்தச் செருப்போடயா பனியில நடப்பே? விரல் ஒவ்வொண்ணா கழண்டு விழுந்துடும்!" என்று திட்டி, கடையில் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பைகளை அவள் காலில் மாட்டி, அதற்கு மேல் தன் மகனின் பூட்ஸையும் மாட்டிவிட்டார். "உங்க வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்று என்னை வைத்துக்கொண்டே கேட்டார். தங்களுக்கென்று வந்த கசகசா ரொட்டியை அங்கே பிய்த்துக் கொடுத்துவிட்டோம். அதை லஞ்சம் என்று தாங்கள் நினைக்க வழியில்லாமல் போனது ஒரு விதத்தில் நல்லதுதான். நன்றாக இருந்ததாம்.

நடந்துகொண்டிருக்கும்போது ஜன்னலில் ஓட்டல் மேலாளர் நிற்பது தெரிந்தது. "பாவம், அவருக்கும் இன்னிக்குத் தூக்கம் வராது" என்றாள் ஹலினா. எனக்குச் சுருக்கென்றது. "மறியல்ல நின்னுக்கிட்டு முதலாளி பக்கம் வக்காலத்தா?" என்றேன். "நாளைக்கு இவங்க அவரோடதானேப்பா உக்காந்து பேசியாகணும்" என்றாள். மிலாக்ரோஸ் அம்மாள் ஒரு வட்டம் முழுக்க யோசித்துவிட்டு, "உங்க பொண்ணு சொல்றது சரிதான், சும்மா நடங்க" என்றார். நடந்தேன். இந்தப் பதிலை அவள் மூன்றாம் மாடியில் சொல்லியிருந்தால் தாங்கள் எழுந்து நின்றிருப்பீர்கள், அந்த வாய்ப்பைக் கெடுத்த பாவி நான்.

ஆகவே, தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள். வர வேண்டும் என்று துடித்த பெண்ணைத் தடுத்தது நான்தான். அவளுக்கு இன்னொரு நாள் கொடுக்குமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் தங்கள் குழுவினருக்கும், பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும், மாதா எல்லா நலமும் அருள்வாளாக.

மறியல் விஷயம் நீங்கலாக எல்லாவற்றிலும் தங்களுக்குக் கீழ்ப்படியும்,
கசிமிர் ஒர்லோவ்ஸ்கி

பி.கு.: அன்புள்ள திருமதி ப்ரெனன், இதை எழுதுவது ஹலினா. மின்கட்டணம் என்று சொல்லி அப்பா இந்த உறையைத் தபாலில் போடக் கொடுத்தார். மின்சாரக் கம்பெனியில் ப்ரெனன் என்று யாரும் இருப்பதாகத் தெரியவில்லை, அதனால் பிரித்துவிட்டேன்.

காரில் நான் பேசியதாக மேலே இருப்பதெல்லாம் அப்பா பேசியது. அவர் பேசியதாக இருப்பதெல்லாம் நான் பேசியது. அப்பா, கண்ணு என்ற இரண்டை மட்டும் இடம் மாற்றியிருக்கிறார். சமையலறைக் கதவைக் காட்டியவர் அவர். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் நான். அழுததும் நானில்லை. வாழ்நாளில் ஒரு மறியலைத் தாண்டாதவர் எனக்காக என்னைத் தாண்டச் சொன்னார். நான் மாட்டேன் என்றதும் ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்கி, பூட்ஸ் மாட்டும்போது நான் கழற்றிய செருப்பைக் கோட்டுப் பைக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டு, கடைசிவரை என் பக்கத்திலேயே நடந்தார்.

அப்பா ஆலையில் எழுதிய எந்த மனுவிலும் பொய் இருந்ததில்லை. இந்த ஒன்றைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். வராதது என் முடிவு. மடக்கு நாற்காலி, ஆலை மூடுவது, கசகசா ரொட்டி மூன்றும் நிஜம்.

இன்னொரு நாள் கொடுத்தால் கட்டாயம் வருகிறேன். வாசலில் யாரும் அட்டையோடு நடந்துகொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்பாதான் காரில் கொண்டுவந்து விடுவார்.