ஊறுகாய் ஜாடியில் தேதி போடும் ஹெட்மாஸ்டர்

மல்லேஸ்வரம்,
வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்த பின்.

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு உன் அத்திம்பேர் சேஷகிரி பண்ணும் ஆசீர்வாதம். சந்தாபுராவில் நீயும் சௌபாக்கியவதி சீதாலட்சுமியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடத்து க்ஷேமத்தைப் பற்றி வழக்கமாக எழுதும் ஒரு வரியை இந்தத் தடவை எழுத இயலவில்லை. காரணம் உன் அக்கா.

ஒரே ஊரில் இருந்துகொண்டு எதற்குத் தபால் என்று கேட்பாய். உன் பெண் ஸ்னேஹா போன தடவை வந்தபோது என் வாட்ஸ்அப்பை உன் அக்கா ருக்குவின் டேப்லெட்டிலும் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் யாருக்கு என்ன அனுப்பினாலும் சமையல்கட்டில் டிங்கென்று சத்தம் வருகிறது. ஆகவேதான் காகிதம். வழக்கம்போல ரஃப் காப்பி எழுதி, மேஜை டிராயரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, திருத்தி, இப்போது ஃபேர் காப்பி எழுதுகிறேன். முப்பத்தாறு வருஷ சர்க்கார் உத்தியோகப் பழக்கம், போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வாசகர் வட்டம் உனக்குத் தெரியும். மாதம் இரண்டாவது ஞாயிறு கூடுவோம். ஆளாளுக்குக் கதை எழுதிக்கொண்டு வந்து, அதை யாராவது குறை சொல்லி, சொன்னவரும் எழுதினவரும் ஆறு மாதம் முகம் பார்க்காமல் பால் பூத்தில் நின்று, எல்லாம் ஆனபிறகு நான்தான் ஒரு விதி கொண்டுவந்தேன். இனி யாரும் பெயர் போடக் கூடாது. பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டியது. கையெழுத்து தெரியாதபடி லிங்கராஜபுரத்து ஃபிராங்க்ளின், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாரே அவர், டைப் அடித்துக் கொண்டுவருவார். குரல் நன்றாக இருக்கிறது என்பதால் நான் வாசிப்பேன். "பேர் போட்டா மனுஷன் நல்லவனா நடிக்கறான், பேர் இல்லேன்னாதான் உள்ளதைச் சொல்றான்" என்று அன்றைக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். ருக்குவும் தட்டினாள், அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அடுத்த மாதத்திலிருந்து டின்னில் ஒரு ஹெட்மாஸ்டர் வர ஆரம்பித்தார். ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர், வீட்டையே பள்ளிக்கூடமாக்கி வைத்திருக்கிறார். ஊறுகாய் ஜாடியில் ஸ்கெட்ச் பேனாவால் தேதி போடுகிறார், டிகாக்ஷன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஃபில்டரில் பென்சிலால் கோடு கிழிக்கிறார், பெண்டாட்டி கோயிலுக்குப் போனால் எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று எழுதி வாங்குகிறார். அடேயப்பா, என்ன எழுத்து! வாசிக்க வாசிக்க எனக்கே சிரிப்பு அடங்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வேன். நானும் ஊறுகாயில் தேதி போடுகிறவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் செய்வது ஒழுங்கு, அந்த ஆள் செய்வது கிறுக்கு. மூன்றாவது கதைக்கு என் கைப்பட ஒரு குறிப்புக்கூட எழுதினேன்: "நகைச்சுவை அபாரம். ஆயினும் பாத்திரம் சற்று மிகை. இப்படி ஒருவர் இருக்க முடியாது. இருந்தால் அந்த அம்மாளுக்கு என் அனுதாபம்." அந்தக் குறிப்பை டின்னுக்குள் போட்டேன் ஸ்ரீகண்டா. என் கையாலேயே போட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஏழாவது கதை. வழக்கம்போல ஏத்த இறக்கத்தோட வாசிச்சிண்டிருக்கேன். ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆன நாள். மாலையும் பாராட்டு மடலுமா வீட்டுக்கு வரார். ஃபங்ஷன் பிரமாதம்னு பெண்டாட்டிகிட்ட சொல்றார். ஆனா அந்த மடல் போன வருஷம் ரிட்டயர் ஆனவருக்கு அடிச்சதாம், மேலே மட்டும் பேரை மாத்திட்டு நாலாவது வரியில பழைய ஆள் பேரை அப்படியே விட்டுட்டாளாம். ஹெட்மாஸ்டர் அந்த வரி மேல சந்தனத்தைப் பூசி மறைச்சு ஹாலில மாட்டறார். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுண்டு அழறார். சத்தம் வெளியில கேக்கக் கூடாதாம். வெளியில பெண்டாட்டி நிக்கறா. தொட்டியில தண்ணி தீர்ந்து போய் இவர் அழறது கேட்டுடப் போறதேன்னு, போய் மோட்டாரைப் போட்டுட்டு வரா.

நான் வாசிக்கறதை நிறுத்திட்டேன். அந்த மடல் எங்க ஹாலில தொங்கறது, நீ பார்த்திருக்கே, சந்தனத்தோட. அன்னிக்கு மோட்டார் ஓடினதும் எனக்கு ஞாபகம் இருக்கு, அகால வேளையில மோட்டார் போட்டதுக்கு அவளைக் கோச்சுண்டேன் வேற. நான் அழவே இல்லை, முகம்தான் அலம்பினேன்னு உனக்கு எழுதலாம்னு ரஃப் காப்பியில எழுதி அடிச்சிட்டேன். அழுதேன். ஒம்பது வருஷமா அது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சிண்டிருந்தேன்.

அங்கேதான் புத்தி கெட்டுப் போச்சு. கையில காகிதத்தோட எழுந்து நின்னு, "இது எங்காத்துக் கதை! எழுதினது என் ஆத்துக்காரி!"ன்னு கத்திட்டேன். ஃபிராங்க்ளின் மெதுவா, "சார், ரூல் நீங்க போட்டது சார்"ங்கறார். "உமக்கு முன்னாடியே தெரியுமா?"ன்னேன். "மூணாவது கதையிலேயே எல்லாருக்கும் தெரியும் சார். உங்க குறிப்பைத்தான் நாங்க ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கோம்." பாங்க்கில மேனேஜரா இருந்த கோமளம், "சும்னே இருந்திருக்கலாமே சார் நீங்க"ன்னு கன்னடத்தில பாதி தமிழ்ல பாதியா தலையில அடிச்சிண்டா. ருக்கு பையை எடுத்துண்டு எழுந்து போய்ட்டா.

அவமானம் இருக்கட்டும், அது என் பாடு. கேளு. போன மாசம் வட்டத்தில எல்லாரும் கெஞ்சினதுக்கு ருக்கு ஒரு கதை குடுத்தா. தலைப்புக்குக் கீழே "திருமதி ருக்மணி சேஷகிரி"ன்னு பேர். கணவர் உத்தமர், மனைவி உத்தமி, ரெண்டு பேருமா கோயில் பிரகாரத்தைச் சுத்தறா, மாலைத் தென்றல் வீசறது. நானே வாசிச்சேன், எனக்கே கொட்டாவி. கோமளம் நிஜமாவே தூங்கிட்டா. அதுல ஒரு வரிகூட எங்க வீடு இல்லை. "இனிமே இவ்வளவுதான் வரும், பேர் தெரிஞ்சுடுத்தே"ன்னு அவ கொத்தவரங்காய் நறுக்கிண்டே சொன்னா, அடுப்பைப் பார்த்துண்டு.

இன்னும் பெரிசு இனிமேதான். அந்த ஏழாவது கதையை நான் பாதியில நிறுத்தினேனோ இல்லையோ, மிச்சத்தை அப்புறம் தனியா படிச்சேன். கடைசி வரி என்ன தெரியுமா? "அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கினாள்." அவ்வளவுதான். மேலே இல்லை. நீலப் பெட்டி எங்காத்துப் பரணில இருக்கு, உங்கப்பா கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்தது. புதன்கிழமை அவ மார்க்கெட் போனப்போ ஏறிப் பார்த்தேன். பெட்டி இல்லை! கட்டிலுக்கடியில இருக்கு. தூசி தட்டி, பூட்டுப் போட்டு இருக்கு. தூக்கிப் பார்த்தேன், கனக்கறது.

ஸ்ரீகண்டா, அவ அங்கே வரதா ஏதாவது சொல்லியிருக்காளா? அவளை நேரே கேக்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டா பேர் போட்ட பதில்தான் வரும், மாலைத் தென்றல் வீசும். நீ தம்பி, நீ சொன்னா கேப்பா. மறுபடி பேர் போடாம எழுதச் சொல்லு. என்னை எவ்வளவு வேணா கிழிக்கட்டும், எனக்கு அந்த ஹெட்மாஸ்டர் பெண்டாட்டி பெட்டியை எடுத்துண்டு என்ன பண்ணினான்னு தெரிஞ்சாகணும். எனக்குத் தூக்கமே இல்லை.

குழந்தைகளுக்கு என் அன்பும், சீதாலட்சுமிக்கு ஆசீர்வாதமும் சேரட்டும். சகல மங்களமும் உண்டாகி, எங்காத்துக்கும் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
சேஷகிரி

பி.கு. (ஞாயிறு சாயங்காலம்): மேலே எழுதினது எதையும் நீ படிக்கலை. ஸ்டாம்ப் ஒட்டியாச்சு, ஃபேர் காப்பியைக் கிழிக்கவும் கை வரலை, அதனால அனுப்பறேன். இன்னிக்கு டின்னைத் திறந்தா எட்டாவது கதை! பேர் இல்லை. ஹெட்மாஸ்டர் தன் மச்சினனுக்கு ரகசியமா லெட்டர் எழுதறார். "இவ்விடத்து க்ஷேமத்தைப் பற்றி வழக்கமாக எழுதும் ஒரு வரியை"ன்னு ஆரம்பம். டிராயர்ல ஊறப்போட்ட என் ரஃப் காப்பி, அடிச்ச வரி உள்பட, அப்படியே! அதை என் வாயாலேயே பதினாலு பேர் முன்னாடி ஏத்த இறக்கத்தோட வாசிச்சேன். நீலப் பெட்டி முழுக்கக் காகிதமாம், மளிகை லிஸ்டுக்குப் பின்னாடி வருஷக்கணக்கா எழுதினது. அவ எங்கேயும் போகலையாம், "இவருக்கு டிகாக்ஷனுக்குக் கோடு போடத்தான் தெரியும், டிகாக்ஷன் போடத் தெரியாது"ங்கறா. முடிச்சதும் கோமளம், "யார் சார் எழுதியிருப்பா?"ன்னு கேட்டா. கடைசி வரிசையில ருக்கு குனிஞ்சு பையில எதையோ தேடிண்டிருந்தா.

"தெரியலையே"ன்னுட்டேன்.