நிர்வாகியை அணுகவும்

புது மருமகளாக ஒரு வீட்டுக்குள் போகிறவள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே யார் பேச்சுக்கு யார் அடங்குவார்கள் என்பதை. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அதை நானே முடிவு செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆளுக்கொரு பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் என் மாமனார் வீட்டில் முன்பாதி பட்டுப்புடவைக் கடை, பின்பாதி குடித்தனம். பிராட்பேண்ட் அப்போதுதான் எங்கள் தெருவுக்கு வந்திருந்தது. ஸ்டாக், ஆர்டர், பில் எல்லாவற்றையும் இணையத்திலேயே பார்க்கும்படி சென்னைக் கம்பெனி ஒன்று சாஃப்ட்வேர் செய்து கொடுத்தது. யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று அனுமதி பிரித்துக் கொடுக்கும் வேலைதான் பாக்கி. வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் நான் ஒருத்தி. (படித்தது எம்.சி.ஏ. பேச்சு மட்டும் ராக்கெட் விட்டவள் மாதிரி இருக்கும்.)

வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அனுமதிதான் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். கணவருக்கும் கொழுந்தனாருக்கும் பில் போடவும் விலையை மாற்றவும் கொடுத்தேன். மாமா மவுஸைத் தொட்டதே இல்லை. போதாததற்கு, பழைய ஆட்கள் யார் வந்தாலும் வாய் வார்த்தையிலேயே விலையைக் குறைத்துவிடுவார். ஆகவே அவர் ‘பார்வையாளர்’. பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. அத்தைக்கு எதற்கு என்று லாகினே போடவில்லை. எல்லாருக்கும் மேலே ‘நிர்வாகி’ என்று ஒரே ஒருவர் இருக்க வேண்டும் என்று விதியும் வைத்தேன். அந்த ஒருவர் நான்தான். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அதோடு விட்டேனா? மாமாவுக்கு ஆங்கிலம் வராதே என்று, திரையில் வரும் வாசகங்களை எல்லாம் நல்ல தமிழில் மாற்றிவைத்தேன். ஆங்கிலத்திலேயே விட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

என் கணவர் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களிடம் சரக்கு எடுக்கிற பெங்களூர் பார்ட்டி ஒருவர் கல்யாண சீசனுக்காக வந்தார். அந்த வருஷத்து வியாபாரமே அவர் கையில்தான் இருந்தது. கணவரும் கொழுந்தனாரும் தறிக்காரர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மாமாவுக்குப் புதுக் கம்ப்யூட்டரைக் காட்டிக்கொள்ள ஆசை. தட்டுத்தடுமாறி விலையைக் குறைத்து, தன் கையாலேயே ‘சரி’ என்று அழுத்தினார். நான் எழுதிய தமிழ் பெரிய சிவப்பு எழுத்தில் வந்தது. அதை அவர் பார்ட்டிக்குக் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகப் படித்தாராம்: “இதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியை அணுகவும். நிர்வாகி: கோமதி.”

நான் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். மாமா அந்தப் பக்கமே வராதவர். நிலைப்படிக்கு வெளியே வந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“உன்னை அணுகச் சொல்லி வந்துதுமா. அணுகிட்டேன்.”

கோபமா கிண்டலா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு விஷயம் புரிந்து கடைக்கு ஓடுவதற்குள் அவர் போய் உட்கார்ந்துவிட்டார். ஆனால் தன் இடத்தில் இல்லை. எங்கள் கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைமேல் வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து புடவையைப் பிரித்துக் காட்டுவார்கள். வாங்க வந்தவர்கள் எதிரே ஜமக்காளத்தில். மாமா ஜமக்காளத்தில், பார்ட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தனக்கும் பார்க்க மட்டும்தான் அனுமதி என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பார்ட்டி சங்கடப்பட்டு, பெருமாளைச் சேவித்துவிட்டு அப்புறம் வருவதாக எழப் பார்த்தார். அந்த அப்புறம் வேறு கடை வாசலில்தான் முடியும் என்று எனக்கே தெரிந்தது.

மாமா எதிரில் உட்காரும் வழக்கம் இல்லாததால் நின்றபடியே கம்ப்யூட்டர் முன் குனிந்து என் பாஸ்வேர்டைப் போட்டேன். என் பதவியையே மாமாவுக்குக் கொடுத்துவிடுவதென்று ஒரு ஆவேசம். நிர்வாகி ஒருவர்தான் இருக்க முடியும் என்பதால் முதலில் நான் இறங்க வேண்டும். இறங்கினேன். என் பெயருக்கு நேரே ‘பார்வையாளர்’ என்று வந்தது. அடுத்து மாமா பெயரைத் தொட்டேன்.

இதற்கு எனக்கு அனுமதி இல்லையாம். நிர்வாகியை அணுக வேண்டுமாம். நிர்வாகி என்ற இடம் காலியாக இருந்தது. (தியாகம் செய்கிறவர்கள் முதலில் வரிசையை யோசித்துக்கொள்வது நல்லது.)

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா என்னவென்று கேட்டார்.

“எனக்கும் பாக்க மட்டும்தான் மாமா.”

அவர் நகர்ந்து, பக்கத்தில் ஜமக்காளத்தைத் தட்டிக் காட்டினார். “அப்போ வாம்மா. வந்து இப்படி உக்காரு.”

உட்கார்ந்தேன்.

அந்த நேரத்தில் அத்தை காபியோடு வந்தார். மெத்தை காலி. எதிரே வரிசையாக மூன்று பேர், அதில் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. டம்ளர்களை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெத்தையில் ஏறி உட்கார்ந்தார்.

“மூணு பேருக்கும் என்னா கலர்ல காட்டட்டும்?”

முதலில் சிரித்தவர் பார்ட்டிதான். அப்புறம் மாமா. லாகினே இல்லாத அத்தைதான் அன்று சாயங்காலம் வரை புடவையைப் பிரித்துப் போட்டு வியாபாரத்தை முடித்தார். பில், பழைய பில்புக்கில். சென்னைக்காரர்கள் மறுநாள் வந்துதான் பூட்டைத் திறந்தார்கள்.

மாமா மனசு நோகவில்லை என்று சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் வரை இலை முன்னால் உட்காரும்போது, சாப்பிடலாமா என்று என்னிடம் முகம் மாறாமல் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும்.

இன்றைக்கும் என் பிள்ளைகள் எது கேட்க வந்தாலும் “அணுகிட்டேன்மா” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். போன வருஷம் மாமாவுக்கு ஆபரேஷன் ஆனது. காபியை வாயில் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டாக்டர் போனதும் மாமா தலையை மெல்ல என் பக்கம் திருப்பினார்.

“அணுகிட்டேன்மா.”

அத்தை என்னைப் பார்த்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து, பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் காபி ஊற்றினேன். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தேன்.