கல்லறைக் குழியில் ஒரு நலம் விசாரிப்பு

மாமியாரிடம் நல்ல பெயர் எடுக்க நினைக்கிற மருமகன், ஒன்றும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதே உத்தமம். ஒன்றும் செய்யாதவனைச் 'சோம்பேறி' என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஏதோ செய்யக் கிளம்பியவனைப் பற்றிச் சொல்ல என் மாமிக்கு ஒரு முழுச் சாயங்காலம் தேவைப்படுகிறது. நான் லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் காரக்கோணம் பக்கத்தில் அவர் வீட்டு முற்றத்தில் இந்தக் கதை நடக்கும். ஏற்கெனவே கேட்டவர்கள்தான் முதலில் வந்து உட்காருவார்கள். அதனால் என் தரப்பையும் ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். (என் தரப்பிலும் முட்டாள் நான்தான். அதில் மாற்றம் இல்லை.)

என் மனைவி ஷீபா இத்தாலியில் ஒரு சின்ன மலையூரில் நர்ஸ். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னும் ரொட்டி விற்கிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. நான் பொழியூர்க்காரன். பி.காம். முடித்து, கல்யாணம் முடித்து, அவளுக்குப் புருஷன் என்பதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். பிரசவத்துக்குத் துணையாக மாமி வந்தார். பெயர் ரோசம்மா. பெட்டியிலிருந்து கருவாட்டை எடுத்து வெளியே வைத்ததுமே முதல் கேள்வி:

"மக்கா, நீ இஞ்ச என்ன செய்யுதே?"

"பாஷை படிக்கேன் மாமி."

"அது செரி. வேலை?"

நான் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தேன். அங்கே ஒரு வேலையும் தென்படவில்லை.

அந்த ஊர் ஒரு பெரிய பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் பள்ளத்தாக்கு. ரோமாபுரிக்கும் முந்திய ஜனங்கள் பாறையைக் குடைந்து அங்கே வழிகள் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர். ஒரு தென்னையின் மேல் இன்னொரு தென்னையை நட்டு வைத்தாலும் உச்சியைத் தொடாது. சுவரில் ஆங்காங்கே அவர்களுடைய கல்லறைகள், அறை அறையாக. இதையெல்லாம் நான் இரண்டு வீடியோக்களில் பார்த்திருந்தேன். அதாவது, எனக்கு அந்த இடம் அத்துப்படி.

குழந்தை பிறந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் ஷீபா சொன்னாள்: "அம்மயைச் சர்ச்சு முக்கு வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. பாவம், வந்ததிலிருந்து அடுக்களையிலேயே நிக்காங்க. மத்தியானத்துக்குள்ள வந்திரணும். நான் தனியா பிள்ளையைக் குளிப்பாட்ட முடியாது."

சர்ச்சு முக்கை எட்டியதும் எனக்குள் இருந்த வழிகாட்டி விழித்துக்கொண்டான்.

"மாமி, கீழே ஒரு இடம் உண்டு. பழைய காலத்து வழி. பத்து நிமிஷம். பார்த்துட்டு மேலே ஏறிடலாம்."

"வானம் கறுத்துக் கிடக்கே மக்கா."

"இஞ்ச அப்பிடித்தான் கிடக்கும் மாமி. பெய்யாது."

மாமி சேலைக்கு மேல் ஷீபாவின் தடித்த ஜாக்கெட்டும், காலில் ஷீபாவின் ஷூவும், கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த குடையுமாக என் பின்னால் இறங்கினார். முதலில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. பாறைச் சுவரெல்லாம் பாசி, மேலே ஒரு கீற்று வானம், காலடிச் சத்தம் திரும்ப நமக்கே கேட்கிறது. நடப்பவர்களுக்கு வழி காட்ட மரங்களில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வீடியோவில் அதைத்தான் பின்பற்றச் சொன்னார்கள். ஒரு திருப்பத்தில் பெயின்ட் இல்லை. அதற்குப் பதில், வழிக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் நாடா. எனக்குச் சந்தோஷம். பெயின்ட் தீர்ந்துபோய் நாடா கட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து, மாமி நுழைவதற்காக நாடாவைத் தூக்கிப் பிடித்தேன். பக்கத்தில் ஒரு பலகை.

"இதுல என்ன எழுதிப் போட்டிருக்கு?"

நான் எழுத்துக் கூட்டினேன். "பெ...ரி...கொ...லோ. பெரிகொலோ. இந்த எடத்துக்க பேரு ஆக்கும் மாமி."

"பேரு கொள்ளாம்," என்று மெச்சினார் மாமி.

பெரிகொலோவுக்குள் கொஞ்ச தூரம் போனதும் மழை பிடித்தது. ஊர் மழை மாதிரி ஆர்ப்பாட்டமாக இல்லை; சத்தமில்லாமல், நிற்கவே போவதில்லை என்ற முடிவோடு பெய்தது. தரை சேறானது. மேலேயிருந்து சின்னச் சின்னக் கல் உருண்டு விழுந்தது. மாமி நின்றுவிட்டார்.

"மக்கா, திரும்புவோம். எனக்கு மனசு செரியில்ல."

"அடுத்த வளைவுல மேலே ஏற வழி இருக்கு மாமி." (அப்படி ஒரு வழி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.)

நான் சொல்லி முடிக்கும்போது எங்களுக்குப் பின்னால் ஏதோ முறிகிற சத்தம். திரும்பினால், ஒரு மரம் வேரோடும் மண்ணோடும் சரிந்து நாங்கள் வந்த வழியை அடைத்துக் கிடந்தது. கொஞ்ச நேரம் முன்னால்தான் மாமி அந்த இடத்தைக் கடந்திருந்தார். மாமி என் கையைப் பிடித்தார். போனில் சிக்னல் இல்லை.

"உள்ளே நில்லுங்க," என்று சுவரில் இருந்த ஒரு கல்லறை அறைக்குள் மாமியை ஏற்றி, வாசலோரம் நிறுத்தினேன். உள்ளே வேறு வழி இருக்கிறதா பார்க்கிறேன் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. சருகு மூடிய ஒரு குழி. போனும் நானும் தனித்தனியாக விழுந்தோம். கணுக்காலில் ஏதோ மடங்கியது. என் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மேலே வட்டமாகத் தெரிந்த வெளிச்சத்தில் மாமியின் முகம்.

"எலே மக்கா! உயிரோட உண்டா?"

"உண்டு மாமி."

"காலு?"

"ஒண்ணு உண்டு. மத்ததைப் பத்தித் தெரியல்ல."

மாமி குடையை நீட்டினார். எட்டவில்லை. சேலைத் தலைப்பை இறக்கினார். அதுவும் எட்டவில்லை. கொஞ்ச நேரம் என்னைத் திட்டினார், கொஞ்ச நேரம் கர்த்தரைக் கூப்பிட்டார். பிறகு எழுந்தார்.

"அந்த மரத்துக்க அடியில நுழைஞ்சு போயி நான் ஆளைக் கூட்டிட்டு வாறேன்."

"வேண்டாம் மாமி! உங்களுக்கு வழி தெரியாது!"

"வழி தெரிஞ்ச நீ எங்க கிடக்கே?"

முகம் மறைந்தது. சேற்றில் ஷூ பதியும் சத்தம் தூரமாகி, நின்றது.

அதற்குப் பிறகு இருந்த நேரத்தைத்தான் மாமி கதையில் சொல்வதில்லை. அவருக்குத் தெரியாது. குழியின் ஓரமாக மழைத் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. முதலில் உட்கார்ந்த இடம் நனைந்தது, பிறகு இடுப்பு. எங்கோ மறுபடி மண் சரிகிற சத்தம் கேட்டது. "மாமி!" என்று கத்தினேன். சத்தம் இல்லை. இன்னும் கத்தினேன். அந்தக் கல்லில் என் குரல் மட்டும்தான் சுற்றிச் சுற்றி வந்தது. பிள்ளையோடு ஜன்னலில் நின்று ஷீபா பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் என்ன சொல்வேன்? 'உன் அம்மாவுக்குப் பழைய கல்லறையைக் காட்டப் போனேன், அவரை அங்கேயே விட்டுவிட்டேன்' என்றா? என் காலை நான் மறந்தே போனேன். ஆண்டவரே, மாமி மட்டும் திரும்பி வரட்டும், ஆயுளுக்கும் திட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று வேண்டினேன். (அந்த வேண்டுதல் கேட்கப்பட்டது. இரண்டு பாகமும்.)

நாய் குரைத்தது. பின்னாலேயே மாமியின் குரல்; நெய்யாற்றின்கரை மலையாளத்தில் யாரிடமோ விடாமல் பேசிக்கொண்டே வந்தார். வெளிநாட்டுக்காரர் யாரானாலும் தமிழைவிட மலையாளம் கொஞ்சம் பிடிபடும் என்பது அவர் நம்பிக்கை. குழியின் விளிம்பில் தொப்பி போட்ட ஒரு வயசான முகம் எட்டிப் பார்த்தது.

"கோமே ஸ்தா?" என்றது.

எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். எங்கள் மொழி வகுப்பில் டீச்சர் தினமும் வாசலில் நின்று இதைத்தான் கேட்பார். தடுமாறாமல் பதில் சொன்னால்தான் உள்ளே விடுவார். எனவே, மூளை வேலை செய்வதற்குள் என் நாக்கு தலை நிமிர்ந்து பதில் சொல்லிவிட்டது:

"பேனே, கிராத்சியே! ஏ லேய்?"

நலம், நன்றி, நீங்கள் எப்படி? அந்த மனிதர் மரியாதையாகத் தானும் நலம் என்றார். முகம் விலகியது. நலமாக இருப்பவனைத் தொந்தரவு செய்யாமல் அவர் நாயோடு திரும்பி நடக்கும் சத்தம் கேட்டது.

மாமியின் முகம் பாய்ந்து வந்தது. "என்னத்தலே சொன்னே? காப்பாத்த வந்த மனுசனை, அதும் வயசான ஆளை, ஏலேங்குறே?"

"ஏலே இல்ல மாமி, ஏ லேய். நீங்க எப்பிடி இருக்கீங்கன்னு மரியாதையாக் கேக்கது."

"நீ எப்பிடி இருக்கேன்னு சொன்னே?"

"...நல்லா இருக்கேன்னு."

மாமி ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பெற்ற மகளை எவனிடம் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்கு முழுதாக விளங்கிய விநாடி அது. பிறகு ஓடினார். நடந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நாயின் வாரைப் பிடித்து இழுத்து, மழையில், சேற்றில் சப்பென்று உட்கார்ந்து, தன் காலைத் தானே முறுக்கிக் காட்டி, சாவு வீட்டில்கூட அழாத அழுகையை அழுதிருக்கிறார்.

பெரியவர் திரும்பி வந்தார். இந்த முறை குனிந்து மெதுவாக ஏதோ கேட்டார். உதவி என்பதற்கு இத்தாலிய மொழியில் என்ன சொல்? வரவில்லை. எங்கே இருக்கிறோம் என்றாவது சொல்லுவோம் என்று, எனக்குத் தெரிந்த ஒரே விலாசத்தைக் கத்தினேன்.

"பெரிகொலோ! பெரிகொலோ!"

அவர் முகம் மாறியது. பரபரவென்று பள்ளத்திலிருந்து ஏறிப் போய் போன் பண்ணினார். பெரிகொலோ என்றால் 'அபாயம்' என்று ஆஸ்பத்திரியில் ஷீபா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தீயணைப்புக்காரர்கள் கயிறும் ஸ்ட்ரெச்சருமாக வந்து என்னைத் தூக்கினார்கள். அதில் ஒருவன் குனிந்து, "கோமே ஸ்தா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் ஈரக் கை ஒன்று என் வாயைப் பொத்தியது.

"அவன் பேசண்டாம்," என்றார் மாமி அவனிடம். "நான் சொல்லுதேன்."

ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷீபா வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. முதலில் அம்மாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மழை பெஞ்சு வழுக்கிப் போச்சு மோளே," என்ற மாமியின் குரல் கேட்டது. "எனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு வாசல்ல நிறுத்திட்டுத்தான் அவன் உள்ளே போனான். திட்டாதே."

அப்படி ஒரு மாமியார் எவனுக்கு வாய்ப்பார் என்று அன்று முழுவதும் நெகிழ்ந்துபோய்ப் படுத்திருந்தேன். மறுநாள் காலையில் காபி குடித்துவிட்டு மாமி காரக்கோணத்துக்குப் போன் போட்டு, நாடாவிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பீக்கரில்.

இப்போது அந்தக் குடும்பத்தில், குழியிலிருந்து நான் சொன்ன அந்த நலம் விசாரிப்பு வாக்கியத்துக்கு வேறு பொருள் வந்துவிட்டது. மாமியின் தம்பி தங்கராஜ் பாறசாலையில் ஆட்டோ ஓட்டுகிறார். போன மழைக்காலத்தில் ஆட்டோவோடு ரோட்டோர ஓடைக்குள் சரிந்து, தலைகீழாகக் கிடந்தபடியே அக்காவுக்குப் போன் அடித்தார்.

"அக்கா, பேனே, கிராத்சியே. ஏ லேய்?"

மாமி, "எங்க வச்சு?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டில் கயிறு வாங்கப் போய்விட்டார்.