பெரியவனும் சின்னவனும் வீட்டில் தனியாக

“சின்னவன் காலையில இருந்து வெளியவே வரலையா? கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாருங்கண்ணே.”

ஏழாவது மாடியில், இன்னும் கதவு பொருத்தாத லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, லிஃப்ட் மெக்கானிக் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். மறுமுனையில் பக்கத்து வீட்டுத் தையல்காரர். வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது.

பெரியவன், சின்னவன் என்பவை மெக்கானிக் வளர்க்கும் இரண்டு பூனைகள். கல்யாணம் ஆகாத மனிதர்; வீட்டுக்குள் நுழைந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட யாராவது வேண்டாமா? வாய்க்கு வந்தபடி வைத்துவிட்டார். வேறு ஏதாவது பெயர் வைத்திருந்தால் அவருக்கு இந்தக் கஷ்டமே வந்திருக்காது.

ஐந்து நாள் வெளியூர் வேலை. இதற்கு முன் ஒரு நாள்கூட அவற்றை விட்டுவிட்டு அவர் வெளியே தங்கியதில்லை. இரண்டாம் நாளே சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

“அடியிலதான் இருக்கான் தம்பி. என்னைப் பாத்து முறைக்கிறான். தட்டுல வெச்சதைத் தொடவே இல்ல.”

“பெரியவன்?”

“அவனுக்கென்ன குறைச்சல்? ரெண்டு பேர் பங்கையும் தின்னுட்டு என் அளவு டேப்பை இழுத்துக்கிட்டிருக்கான்.”

பெருமூச்சோடு போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் மேனேஜர் நிற்கிறார்.

மேனேஜர் கறாரான ஆள். யாராவது ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் பிடிபிடியென்று பிடித்துக்கொள்வார். ஆனால் ஆபீசில் இருக்கும் நாட்களில் மணி ஐந்தடித்தால் அவர் நாற்காலி காலி. “பெரியவ வாசல்லயே காத்துக்கிட்டிருப்பா. சின்னவ சரியான வாலு, தனியா விட முடியாது” என்பார். முதலாளிகூட அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

“யாரு, உன் பசங்களா?” என்றார் மேனேஜர்.

“ஆமா சார், நம்ம பசங்கதான்.”

“கூட யாரு இருக்கா?”

“யாரும் இல்ல சார். தனியாத்தான் இருக்காங்க.”

மேனேஜரின் முகம் மாறியது. “அவங்க அம்மா?”

“அவ எங்கயோ போயிட்டா சார். சின்னவன் பொறந்து பத்து நாள்கூட ஆகல. குப்பைத்தொட்டி பக்கத்துல விட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டா.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பெத்தவ செய்யற காரியமா இது?”

அப்போதுதான் மெக்கானிக்குக்குப் பொறி தட்டியது. “சார், அவங்க வந்து...”

“எதுவும் சொல்லாத. நீ இன்னைக்கே ஊருக்குக் கிளம்பு.”

பூனை என்ற சொல் அவர் தொண்டை வரை வந்திருந்தது. கிளம்பு என்ற சொல்லைக் கேட்டதும் வந்த வழியே உள்ளே இறங்கிவிட்டது.

ஆனாலும் மனசாட்சி உறுத்தியது. “அவ்வளவு அவசரம் இல்ல சார். பக்கத்து வீட்டுக்காரர் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து எட்டிப் பாக்கறார்.”

“எட்டிப் பாக்கறாரா? சின்னவனுக்கு என்ன வயசு?”

பொய் சொல்லிப் பழகாத வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. “ஒண்ணரை.”

மேனேஜர் கார் சாவியை எடுத்தார். “பஸ்ஸெல்லாம் வேண்டாம், நானே கொண்டுபோய் விடறேன். அந்தக் குழந்தைங்களைக் கண்ணால பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

நாலு மணி நேரப் பயணம். வழியில் மேனேஜரின் மனைவி கூப்பிட்டார். போனைக் காதில் வைத்தால் காது சுடுகிறது என்று மேனேஜர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

“ஏங்க, சின்னவ பால் குடிக்க மாட்டேங்கறா.”

“போனை அவ காதுகிட்ட வை,” என்ற மேனேஜர், “செல்லம்ல, குடிச்சிடு கண்ணு, அப்பா சீக்கிரம் வந்துடறேன்” என்று கொஞ்சினார்.

மெக்கானிக் கூனிக் குறுகிப்போனார். சொந்தப் பிள்ளையைப் போனில் சமாதானப்படுத்திவிட்டு இந்த மனிதர் இரண்டு பூனைகளைப் பார்க்க வண்டி ஓட்டுகிறாரே. உண்மை தெரிந்தால் வேலை போய்விடும். வேலை போனால் பூனைகளுக்கு மீன் யார் வாங்கிப் போடுவார்கள்?

டீக்கடையில் வண்டி நின்றதும் கடைக்குப் பின்னால் ஓடிப் போனை எடுத்தார். “அண்ணே, மாட்டிக்கிட்டேன். மேனேஜர் வீட்டுக்கு வர்றார். பெரியவனையும் சின்னவனையும் மனுஷப் பசங்கன்னு நெனச்சுட்டிருக்கார். ஏதாவது பண்ணுங்க.”

தையல்காரர் சற்று யோசித்தார். “வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு மணி நேரம்.”

“போதும் தம்பி.”

திரும்பி வந்தால் மேனேஜர் பக்கத்துக் கடையில் இரண்டு பொம்மைக் கார்களும் இரண்டு ஸ்கூல் பையும் வாங்கி வைத்திருந்தார். மெக்கானிக் மீதி வழி முழுவதும் அவற்றை மடியில் சுமந்துகொண்டு வந்தார்.

வீட்டுக் கதவைத் தையல்காரரே திறந்தார். கழுத்தில் டேப், வாயில் ஒரு ஊசி, முகத்தில் பெருமிதம்.

நடு அறையில் பெரியவன் உட்கார்ந்திருந்தான். நீலக் கோடு போட்ட சட்டை. காலர், மூன்று பட்டன், சின்னதாக ஒரு பாக்கெட். கட்டிலுக்கு அடியிலிருந்து அதே துணியில் இன்னொரு காலர் எட்டிப் பார்த்தது.

தையல்காரர் ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார். “சின்னவனுக்குக் கை கொஞ்சம் நீளமாப் போச்சு. அளவெடுக்க விட மாட்டேன்னுட்டான்.”

மெக்கானிக்கின் குரல் கேட்டதுதான் தாமதம், சின்னவன் நீளக் கையில் தடுக்கித் தடுக்கி ஓடிவந்து அவர் காலில் உரசினான். அவருக்கு மேனேஜரும் மறந்துவிட்டது, வேலையும் மறந்துவிட்டது. வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் ஸ்கூல் பைகளோடு அப்படியே நின்றிருந்தார்.

“மன்னிச்சிடுங்க சார். ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும். இவங்களைப் பாக்காம இருக்க முடியல.”

மேனேஜர் பெரியவனைப் பார்த்தார். பெரியவன் மேனேஜரைப் பார்த்துக் கொட்டாவி விட்டான்.

“பூனையைப் புள்ளைன்னு சொல்லி வேலையை விட்டுட்டு ஓடி வர்றதா?” மேனேஜரின் குரல் கறாராக இருந்தது. ஏனோ கண்ணை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “கம்பெனியை ஏமாத்தற ஆளுக்கு என்கிட்ட இடம் கிடையாது. நாளைக்கு ஆபீஸ் வந்து கணக்கை முடிச்சுக்க.”

அவருடைய போன் அடித்தது. பழக்க தோஷத்தில் விரல் ஸ்பீக்கரை அழுத்திவிட்டது.

“ஏங்க, பெரியவ பீரோ மேல ஏறி உக்காந்துட்டா. எவ்வளவு கூப்பிட்டாலும் இறங்க மாட்டேங்கறா, கோவத்துல வால் மட்டும் ஆடிக்கிட்டே இருக்கு.”